கதை சொல்பவருக்கு யார் கூலி கொடுப்பது?

(தண்டையார்பேட்டையில் வாசகர்களும் கலைஞர்களும் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கானாப் பாடகர்களுக்கும், கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருக்கும் ஒப்பாரி பாடும் அம்மாக்களுக்கும், பள்ளிக்கூடங்களில் கதை சொல்லும் தம்பி தங்கைகளுக்கும் தனியாக ஒரு வணக்கம். உங்கள் கலையைப் பற்றிப் பாராட்டுரை எத்தனையோ கேட்டிருப்பீர்கள். நான் இன்றைக்குக் காசைப் பற்றிப் பேசப்போகிறேன். காசைப் பற்றிக் கலைஞன் பேசினால் கௌரவக் குறைச்சல் என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை இந்தக் கூட்டத்தோடு விட்டுவிடுவோம்.

ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் வள்ளலார் வளர்ந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த வீட்டில் உலை கொதித்தது எந்த வருமானத்தில்? அவருடைய அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்துவந்தார். அதில் வந்த பணத்தில்தான் குடும்பம் நடந்தது. அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போன ஒரு நாள், சோமு செட்டியார் வீட்டில் நடந்துவந்த பெரியபுராணச் சொற்பொழிவுக்குச் சிறுவன் இராமலிங்கத்தை அனுப்பினார்கள். சில பாடல்களைப் படித்துவிட்டு, அண்ணன் வர முடியாததைச் சொல்லிவிட்டு வா என்பதுதான் ஏற்பாடு. பையன் திருஞானசம்பந்தரின் கதையை எடுத்து விரித்ததும் கூட்டம் அசையவில்லை. இனி இந்தப் பிள்ளையே சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த அதிசயத்தை எல்லா மேடையிலும் சொல்வார்கள். அதற்குப் பின்னால் இருந்த கணக்கை யாரும் சொல்வதில்லை. ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முன்பே, இதே வடசென்னையில், கதை சொல்வது ஒரு வீட்டுக்குச் சோறு போட்ட தொழில்.

பணம் கொடுத்தவர் ஒரு வணிகர். அவர் கேட்க விரும்பியது பெரியபுராணம், சொல்லப்பட்டதும் பெரியபுராணம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ஊரே வரி போட்டுக் கொடுத்தது. பகலில் பாரதப் பிரசங்கமும் ராத்திரியில் கூத்தும் நடந்தன. பெரம்பூர்ப் பக்கம் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள்; திரு.வி.க. வந்து பேசினார், ஆலைத் தொழிலாளியின் பாடு முதல்முறையாக மேடைத் தமிழில் ஏறியது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் ஒரு கட்சியின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. அதற்கப்புறம் கட்சி மேடை எத்தனையோ பேச்சாளர்களை வளர்த்தது, வழிச்செலவு கொடுத்தது, பசி தீர்த்தது. பார்க் டவுன் பக்கம் குஜிலிக் கடைகளில் அச்சான காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களைத் தெருவில் பாடிப் பாடியே விற்றார்கள். அங்கே கூலி கொடுத்தது வழியில் போகிறவர்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். பணம் யார் கையிலிருந்து வந்ததோ, அவருக்கு வேண்டிய கதைதான் மேடை ஏறியது. செட்டியார் கொடுத்தால் புராணம், சங்கம் கொடுத்தால் போராட்டம், கட்சி கொடுத்தால் கொள்கை. இதில் எதையும் நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் வியாசர்பாடிக்காரர் தன் வாழ்க்கையைத் தன் வாயால் சொல்லவேண்டும் என்றால் அதற்கு யார் கொடுப்பது? நான் கேட்க வந்த கேள்வி இது ஒன்றுதான்.

இன்றைக்குக் கொடுப்பது சாவு வீடு. கருமாதிக்கு முந்தின ராத்திரி சந்துக்குக் குறுக்கே சாமியானா போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் சேர், மாலை போட்ட படம், மைக் செட். பாடகர் வந்ததும் மைக்கைத் தொடமாட்டார். முதலில் வீட்டுக்காரரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போவார். "அப்பா பேர் என்னா? ஹார்பர்ல எந்த வேலை? எத்தினி புள்ளைங்க? எந்தப் பேரன் மேல உசிரு? வாத்தியார் படத்துல எது புடிக்கும்?" டீ ஆறுவதற்குள் அத்தனையும் தலைக்குள் போய்விடும். நடுராத்திரியில் அந்தப் பேரன் பெயர் பாட்டில் வரும்போது சந்தே அழும். இறந்தவரின் மூட்டை தூக்கிய தோளிலிருந்து பேரனுக்கு வாங்கிக் கொடுத்த பொறை வரைக்கும் ஒரு முழு வாழ்க்கை டோலக் அடியில் உட்கார்ந்துவிடும். கானாவைக் கூச்சல் என்று சொல்பவர்கள் ஒரு ராத்திரி அந்தச் சாமியானாவில் உட்கார்ந்ததே இல்லை. கேட்ட மாத்திரத்தில் கட்டிப் பாடுகிற இந்த ஆற்றலை வேறு சாதிக்காரர், வேறு ஏரியாவில், சபா மேடையில் காட்டியிருந்தால் அதற்குப் பெரிய பெரிய பட்டம் கொடுத்திருப்பார்கள். சேரியிலிருந்து வந்த கலை என்பதால் கிடைக்கவில்லை. இதை மழுப்பாமல் சொல்லவேண்டும்.

அன்றைக்கு வாங்குகிற பணம் டோலக், கீபோர்டு, கோரஸ், வேன் வாடகை என்று பிரிந்துவிடும். பாடகர் கையில் நிற்பது கொஞ்சம். அதுகூடப் பரவாயில்லை. மூத்த பாடகர் பின்னால் வருஷக்கணக்காகக் கோரஸ் பாடிக் கற்ற காலத்துக்கும், வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிற பகல்களுக்கும் யாரும் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் 1955-லிருந்து இருக்கிறது. கலைமாமணி விருதைச் சொற்பொழிவாளர்களும் வில்லுப்பாட்டுக் கலைஞர்களும் வாங்கியிருக்கிறார்கள். மாவட்ட அளவில் கலை இளமணியில் தொடங்கிக் கலை முதுமணி வரைக்கும் விருதுகள் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-ல் வந்தது. நலிந்த நிலையில் இருக்கும் வயதான கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவி கிடைக்கிறது. வாரிய அட்டை வாங்காதவர்கள் இங்கே இருந்தால் இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் உதவித்தொகை கொடுக்கிறது.

ஆக, இருபது வயசில் கொஞ்சம், அறுபதுக்குப் பக்கத்தில் கொஞ்சம். நடுவில்? பிள்ளைகளைப் படிக்கவைக்கிற, வாடகை கட்டுகிற, கலை முழு வீச்சில் இருக்கிற முப்பது நாற்பது வருஷம்? அந்த வயதினருக்கு மாதம் 10,000 ரூபாயும் 20,000 ரூபாயும் தருகிற ஃபெலோஷிப் அதே மத்திய அமைச்சகத்தில் இருக்கிறது, உண்மை. நாடு முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்கு 400 பேர்வரைதான். அதற்கும் ஆய்வுத் திட்டம் எழுதித் தரவேண்டும். ஆயிரம் ஒப்பாரி அடிகளை மனப்பாடமாக வைத்திருந்து, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மாவுக்கு அந்தக் கதவு எப்படித் திறக்கும்?

இன்னொரு வருமானம் உண்டு. டெங்கு வந்தால், தேர்தல் வந்தால், பிளாஸ்டிக் ஒழிப்பு வந்தால் நம்மைக் கூப்பிடுவார்கள். விழிப்புணர்வுப் பாட்டு. 90-களில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணம் தெருத்தெருவாக எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது; அதை நான் மறக்கவில்லை, மதிக்கிறேன். இப்படிப்பட்ட வேலை வந்தால் செய்யுங்கள், கூலியைக் கறாராக வாங்குங்கள். ஆனால் அது அரசின் செய்தியை நம் குரலில் சொல்வதற்கான கூலி. நம் கதையை நாம் சொல்வதற்கான கணக்கில் அதை எழுதக்கூடாது.

அடுத்தது கம்பெனிப் பணம். நண்பர்கள் சிலர் இதைத்தான் பெரிதாக நம்புகிறார்கள். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு: குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கவேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலையும் பண்பாடும் பாரம்பரியக் கலை வளர்ச்சியும் வருகின்றன. தொழில் நடக்கிற பகுதிக்கே முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மணலியும் எண்ணூரும் நம் பகுதிதானே? புகை இங்கே, சாம்பல் இங்கே, லாரி இங்கே. பணமும் இங்கே வரட்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்கவும் வேண்டும்: வாத்தியம் வாங்க, மைக் செட் வாங்க, ஒத்திகைக்கு ஒரு கூடம் கட்ட.

ஆனால் கதைசொல்லியின் கூலிக்கு அந்தப் பணம் ஆகாது என்பது என் திடமான கருத்து. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. வலையெல்லாம் கறுப்பு, படகெல்லாம் பிசுபிசுப்பு, இறால் பிடிக்கத் தண்ணீரில் கைவிட முடியாமல் பெண்கள் கரையில் நின்றார்கள். அதை எண்ணூர்க்காரர் ஒருவர் கதையாகச் சொல்லவேண்டும். தொழிற்சாலைப் பணத்தில் மேடை ஏறியவர் அந்தக் கதையை முழுசாகச் சொல்வாரா? யாரும் தடுக்கவேண்டியதில்லை. நாக்கு தானாகவே மடங்கிவிடும்.

இங்கிலாந்தில் ஆர்ட்ஸ் கவுன்சில் என்ற அமைப்பு 1946-லிருந்து இருக்கிறது. அரசுப் பணமும் 1994-லிருந்து தேசிய லாட்டரிப் பணமும் அதன் வழியாகக் கலைஞர்களுக்குப் போகின்றன. 1982-ல் லண்டனில் தொடங்கிய ஆப்பிள்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ் என்ற அமைப்பு, மேடையில் நின்று கவிதை சொல்பவர்களுக்காகவே இப்படிப்பட்ட உதவியோடு நடக்கிறது. லாட்டரி நமக்கு வேண்டாம். 2003-ல் இங்கே தடை செய்தார்களே, நல்லது செய்தார்கள். அது எத்தனை கூலிக்காரர் வீட்டைக் காலி செய்தது என்று இந்தத் தெருக்களுக்குத் தெரியும். நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுதான்: பொதுப்பணம், ஆனால் கதையில் கைவைக்காத பொதுப்பணம்.

அப்படி ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரி என்று 10 சதவீதம் சேர்த்து வாங்குகிறார்கள். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் தந்த வழி அது. அதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வாடகைக்குள் வைத்து அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இது நம் பணம். நம் தெருவில் இருக்கிற கிளை நூலகத்துக்கான பணம்.

நூலகத்தில் கதை சொல்லக் கூப்பிடுகிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி, வாசகர் வட்டக் கூட்டம் எல்லாம் நடக்கின்றன. போனால் ஒரு பொன்னாடை, ஒரு புத்தகம், ஒரு போட்டோ. பொன்னாடையை எந்தக் கடையிலும் அரிசிக்கு மாற்ற முடியாது. இரவு ஒன்பது மணிக்கு எர்ணாவூர் திரும்பவேண்டிய பெண்ணுக்கு ஆட்டோக் காசை யார் கொடுப்பது என்று யாருமே கேட்பதில்லை. அதனால்தான் பெண் கதைசொல்லிகள் இரண்டாவது முறை வருவதில்லை.

அந்த நூலக வரிப் பணத்திலிருந்தே கிளை நூலகங்களில் கதை சொல்பவருக்குக் கூலி கொடுக்கட்டும் என்கிறேன். கணக்கைப் பாருங்கள். மாதம் ஒரு மாலை. கதை சொல்பவருக்கு 3,000 ரூபாய். கூட வாசிப்பவருக்கும் வண்டிக்கும் 2,000. ஒரு நூலகத்துக்கு வருஷத்துக்கு 60,000 ரூபாய். வடசென்னையில் இருபது கிளை நூலகத்தில் நடத்தினால் 12 லட்சம். வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023 பட்ஜெட்டில் அறிவித்தது 1,000 கோடி. கால்வாயும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டியதுதான், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. இந்த 12 லட்சம் கேட்டால் பெரிய தொகை என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு கலைஞர் இருபது நூலகத்தையும் மாறி மாறிச் சுற்றினால் மாதத்தில் நாலைந்து மாலை அவருக்கு நிச்சயமான வேலை. சாவு வந்தால்தான் சம்பளம் என்ற நிலை மாறும்.

யாரைக் கூப்பிடுவது என்பதை அந்தந்த நூலக வாசகர் வட்டம் முடிவு செய்யட்டும். எழுத்து விண்ணப்பம் வேண்டாம். வந்து பத்து நிமிஷம் சொல்லிக் காட்டினால் போதும். என்ன கதை என்று முன்கூட்டியே எழுதி வாங்கக்கூடாது. பணம் அன்றைக்கே வங்கிக் கணக்கில் ஏறவேண்டும். மூன்று மாதம் அலையவிட்டுக் கொடுக்கிற பணம் கந்துவட்டிக்குத்தான் போகும்.

நூலக ஆணைக்குழுவுக்கான மனு வாசல் பக்கத்து மேஜையில் இருக்கிறது. நான் இப்போது சொன்ன நான்கும் அதில் இருக்கின்றன. கையெழுத்துப் போடுகிறவர்கள் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் தெருவுக்குக் கிட்டே இருக்கிற கிளை நூலகத்தின் பெயரையும் எழுதுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மை டப்பாவும் வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் கொடுக்கப் போகும்போது இரண்டு கானாப் பாடகர்களும் ஒரு ஒப்பாரி அம்மாவும் கட்டாயம் கூட வரவேண்டும். யார் யார் என்பதைக் கலைவதற்கு முன்னால் இங்கேயே முடிவு செய்துவிடுவோம்.