விடியுமுன் சீவிய மரம்

வணக்கம் நேயர்களே. தாவர ஆராய்ச்சிக்கும் அதையொட்டிய பொதுச்சேவைக்கும் தரப்படும் விருதுகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். ஆனால் எங்கள் குடும்பத்தில் செடி கொடிகளை முதலில் அறிந்தவர் என் பாட்டிதான். மலேசியாவின் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்.

காலை ஐந்து மணிக்கெல்லாம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் உளியோடு மர வரிசையான நிரைக்குப் போய்விடுவாராம். "வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்யா" என்று சொல்லுவார். ஏன் நிற்கிறது என்று பல்கலைக்கழகத்தில்தான் நான் படித்தேன். இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரத்திலிருந்து நீர் அதிகம் வெளியேறுவதில்லை. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் விம்மி நிற்கும். அந்த அழுத்தம்தான் பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகி, அழுத்தம் தளர்ந்துவிடும். பாட்டிக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது.

செடிக்குள் ஏறும் சாற்றின் அழுத்தத்தை அளந்து பார்த்த முன்னோடி ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். திராட்சைக் கொடியை வெட்டி, வெட்டிய இடத்தில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, சாறு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். அந்தச் சோதனைகளை 1727-இல் நூலாக வெளியிட்டார். அதே மனிதர், கப்பல்களிலும் சிறைகளிலும் புழுக்கத்தில் கிடந்தவர்களுக்காகக் காற்றோட்டக் கருவியும் அமைத்துக் கொடுத்தார். 1924-இல் தொடங்கிய அமெரிக்கத் தாவர உயிரியலாளர் சங்கம் ஹேல்ஸ் பெயரில் ஒரு பரிசு வழங்கி வருகிறது. அறிவியலுக்காகப் பொதுவாழ்வில் உழைத்தவர்களுக்கும் அங்கே தனி விருது உண்டு. கண்டுபிடித்தவரையும் அதை மக்களிடம் கொண்டு சேர்த்தவரையும் ஒரே சபையில் எழுந்து நிற்க வைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டும் சம எடையுள்ள வேலைகள் என்றே நான் நம்புகிறேன்.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை, நம் பூமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பதினோரு ஆண்டு கழித்துப் பூமலைக்குப் பொறுப்பேற்க வந்தார் ஹென்றி ரிட்லி. பிரேசில் காடுகளில் பாலுக்காக மரத்தைக் கொத்திப் புண்ணாக்கிக்கொண்டிருந்த காலம் அது. ரிட்லி மீன்முள் போலச் சாய்வாகக் கோடு போட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவிப் பார்த்தார். மறுநாள் அதே கோட்டின் ஓரத்தை மட்டும் சீவினால் பால் இன்னும் கூடுதலாக வந்தது. மரமும் பிழைத்தது. அப்புறம் சட்டைப்பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு, பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் "இதை நடுங்கள்" என்று வற்புறுத்தினார். பைத்தியக்கார ரிட்லி என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது. லண்டனின் லின்னேயன் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1950-இல். அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

அந்தப் பதக்கம் அவருக்குத் தகும். ஆனால் அந்த முறையை மலாயா முழுக்கக் காலங்காலமாக நடத்திக் காட்டிய கைகள் யாருடையவை? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர் அடுக்கு இருக்கிறது. உளி அதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவு முன்னால் நின்றுவிட வேண்டும். இறங்கினால் மரத்தில் காயம், பட்டை சரியாக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும். நின்றால் சில ஆண்டில் புதுப்பட்டை வந்து, அதே இடத்தில் மறுபடி சீவலாம். அரை இருட்டில், மரத்துக்கு மரம் நடந்து, நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றியவர்களில் பெரும் பகுதி நம் தமிழ்ச் சனங்கள். ஹேல்ஸையும் ரிட்லியையும் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பாட்டி பால் பிடித்த மங்குக் கிண்ணத்தையும் உளியையும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

அங்கீகாரம் தாமதமாக வருவதற்கு இன்னொரு சான்று நம் சிங்கப்பூரின் தேசிய மலர். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் ஆர்கிட்டை ரிட்லி 1893-இல் உலகுக்கு அறிவித்தார். 1899-இல் மலர்க் கண்காட்சியில் அந்த ஆர்கிட்டுக்குப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் ஆக்னஸ் காலமானார். அந்தப் பூ 1981-இல் தேசிய மலரானது. ஆனாலும் அவர் அதைக் கலப்பினமாக உருவாக்கினாரா, தோட்டத்தில் தற்செயலாகக் கண்டாரா என்ற வாதம் ஓயவில்லை. உருவாக்கியவர் அவர்தான் என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2016-இல்தான்.

கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனைச் சொல்லாமல் போக முடியாது. வேளாண்மைக்கென்று நோபல் பரிசு கிடையாது. கோதுமை ஆராய்ச்சியாளர் நார்மன் போர்லாக்குக்கே 1970-இல் அமைதிப் பரிசுதான் கிடைத்தது. அந்தக் குறையைத் தீர்க்கப் போர்லாக் முன்னின்று ஏற்படுத்தியது உலக உணவுப் பரிசு. 1987-இல் அதன் முதல் பரிசு சுவாமிநாதனுக்குக் கிடைத்தது. அவர் அந்தப் பணத்தைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். பரிசை வாங்கிய கையோடு அதை மறுபடி வயலில் விதைத்த மனிதர்.

இப்படிப்பட்ட விருதுகளில் பலவும் பரிந்துரையில்தான் தொடங்குகின்றன. யாராவது உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டும். நம்மவர்கள் பக்கத்தில் இருப்பவரின் பெயரை எழுதிக் கொடுக்கக் கூச்சப்படுகிறோம்.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஆய்வகப் பணியாளராக ஓர் அம்மா இருந்தார். ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி கடையில் கிடைக்காது என்று, வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய வாளிகளில் தானே வளர்த்துக் கொண்டு வருவார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். புளோக்குக்குக் கீழே இருக்கிற சமூகத் தோட்டத்தில் கருவேப்பிலையும் முருங்கையும் வளர்த்து, பிள்ளைகளுக்கு இலையைக் காட்டிப் பாடம் சொல்கிறார். போன வாரம் அவருக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. அவர் வளர்த்த ஹைட்ரில்லாவில் குமிழி எண்ணிப் படித்த என் பழைய மாணவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், மூன்றாம் பக்கத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள். வணக்கம்.