பசங்கள இறுக வைக்குது இந்த அனிமேஷன் படங்கள் – எங்க அணி பேச்சு

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். அனிமேஷன் படங்கள் ஆம்பளப் பசங்கள அழ விடாம இறுக வைக்குதுங்குறதுதான் எங்க கட்சி.

எதிரணி அண்ணன் ஒரு குண்டு போட்டுட்டு உக்காந்தார், நீங்களும் கை தட்டுனீங்க. "டாம் அண்ட் ஜெர்ரி 1940ல இருந்து ஓடுது, அதப் பாத்து எவனாச்சும் அடுத்தவன் தலையில சுத்தியல போட்டானா, அப்புறம் கார்ட்டூன் பாத்து பையன் எப்படிம்மா கெடுவான்"னு கேட்டார்.

அண்ணே, சுத்தியல தூக்குனா அம்மா பிடுங்குவாங்க, டீச்சர் திட்டுவாங்க. படம் ஒண்ணு சொல்லுது, சுத்தி இருக்குற அத்தனை பேரும் வேற சொல்றாங்க, படம் தோத்துப்போகுது. ஆனா ஆம்பளைன்னா இறுகி நிக்கணும்னு படம் காட்டும்போது யாருண்ணே மறுக்குறா? வீட்லயும் அதான், ஸ்கூல்லயும் அதான், கிரவுண்ட்லயும் அதான்!

எங்க அக்கா பையன், ஆறு வயசு. 1994ல வந்த லயன் கிங் போட்டோம். ராஜா சிங்கம் முஃபாசா செத்துக் கிடக்கு, குட்டி சிம்பா அப்பாவ எழுப்பி எழுப்பிப் பாக்குது. அக்கா அழுறா, நான் அழுறேன், இவன் அழல. எங்க பாக்குறான் தெரியுமா? டிவிய இல்ல, அவங்க அப்பா மூஞ்சிய! மாமா மூஞ்சி கல்லு மாதிரி இருக்கு. மாமா தொண்டைய கனைச்சார், இவனும் கனைக்கிறான். மாமா நிமிந்து உக்காந்தார், இவனும் நிமிர்றான். அப்புறம் பாத்ரூம் போறேன்னு போனவன் வரவே இல்லங்க, போய் கதவுகிட்ட நின்னா உள்ள குழாய் ஓடுது, குழாய தொறந்து விட்டுட்டு அழுறான். வெளிய சத்தம் கேக்கக்கூடாதாம். ஆறு வயசுங்க அவனுக்கு!

குட்டி சிம்பாவே அழுதுச்சேம்பீங்க. அழுதுச்சு, ஆனா கடைசியில சண்டை போட்டு ஜெயிச்சாத்தானே ராஜா? அதுலயும் பாருங்க, நல்ல சிங்கத்துக்கு அகலமான நெஞ்சு, கெட்ட சிங்கம் ஒல்லி. உணர்ச்சியப் பத்தியே எடுத்த இன்சைட் அவுட், 2015ல வந்தது, ஒவ்வொருத்தர் மண்டைக்குள்ளயும் உணர்ச்சிங்களே ஆளுங்களா உக்காந்து அவங்கள நடத்தும், அதுல கூட அம்மா மண்டைக்குள்ள தலைமை சோகம், அப்பா மண்டைக்குள்ள தலைமை கோபம். நாம சிரிச்சோம். பக்கத்துல உக்காந்திருந்த பையன் அப்பான்னா இதுதான்னு எடுத்துக்கிட்டான்.

இங்க இருக்குற ஆண்களைக் கேக்குறேன், உங்க அப்பா அழுது பாத்திருக்கீங்களா? பாட்டி செத்த அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடிக்குத் தனியா போனாரே, எதுக்குப் போனார்னு அன்னிக்கு நமக்குப் புரிஞ்சதா? அவரையும் இப்படித்தானே யாரோ வளத்தாங்க, பாவம், தோள்ல சாஞ்சு அழ ஒரு ஆள் இல்லாம போச்சே அந்த மனுஷனுக்கு.

அண்ணே, நீங்களும் ஒரு பையனுக்கு அப்பா. தீர்ப்பு உங்க அணிக்கே போகட்டும், எனக்குப் பரவாயில்ல. படம் பாக்கும்போது உங்களுக்கு அழுகை வந்தா அவன் முன்னாடியே அழுதுடுங்கண்ணே. நன்றி, வணக்கம்.