பஸ் கதவில் தொங்கிய சியோல்: யங்ஜா ஏன் கையை இழந்தாள்?

வேலை தேடி ஒரு கிராமத்துப் பெண் தென் கொரியத் தலைநகர் சியோலுக்கு வருகிறாள். பெயர் யங்ஜா. வேலைக்குச் சேர்ந்த வீட்டில் முதலாளியின் மகன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். வீட்டை விட்டுத் துரத்தப்படுவதோ அவள். பிறகு பஸ் கண்டக்டர் ஆகிறாள். ஓடும் பஸ்ஸிலிருந்து விழுந்து ஒரு கையை இழக்கிறாள். மிஞ்சியது பாலியல் தொழில். கிம் ஹோ-சன் இயக்கி 1975இல் வந்த இந்தப் படத்தின் பெயர் ‘யங்ஜாவின் பொற்காலம்’!

பின்னணி இரண்டே வரி. 1960இல் சியோலின் மக்கள்தொகை சுமார் 24 லட்சம். 1980இல் 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அத்தனை பேரையும் வேலைக்குக் கொண்டு சேர்த்தது பஸ். அந்த பஸ்களில் கண்டக்டர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். காலை நெரிசலில் கதவை மூட முடியாது. ஆட்களை உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு பக்கக் கம்பிகளையும் இறுகப் பற்றி, அந்தப் பெண்ணே கதவாக நிற்பாள். பஸ்ஸின் தகட்டைத் தட்டி ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பாள். இரவு ஷெட்டுக்குத் திரும்பினால், வசூலில் கைவைத்தாளா என்று உடல் சோதனை! அந்த அவமானத்தை எதிர்த்து அவர்கள் போராடியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், யங்ஜாவின் விபத்து வெறும் திரைக்கதைத் திருப்பமாகத் தெரியாது.

1960இல் கிம் கி-யங் எடுத்த ‘ஹவுஸ்மெய்ட்’ படத்திலும் வேலைக்காரப் பெண்தான் மையம். ஆனால் கதை வீட்டுக்காரர்கள் பக்கம் நிற்கிறது. மனைவி தையல் மெஷின் மிதித்துச் சேர்த்த பணத்தில் கட்டிய மாடி வீடு. அதற்குள் எலி விஷத்தோடு ஒருத்தி. புதிதாக வசதி கண்ட குடும்பத்தின் பயத்துக்கு அவள் முகமாகிறாள். யங்ஜாவிடம் வரும்போது அந்தப் பயம் இரக்கமாகிவிட்டது. இந்த மாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனாலும் எழுபதுகளின் படங்கள் அவளுக்காக அழுதுகொண்டே அவள் உடம்பைக் காட்டி டிக்கெட் விற்றன. அரசியல் விமர்சனத்தை வெட்டிய தணிக்கை இதை அனுமதித்தது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2017இல் ஜியோன் கோ-உன் என்ற பெண் இயக்குநரின் ‘மைக்ரோஹாபிடாட்’ வருகிறது. நாயகி மிசோவுக்கும் வீட்டு வேலைதான். வாடகை ஏறுகிறது, சிகரெட் விலையும் ஏறுகிறது. அவள் விஸ்கியையும் சிகரெட்டையும் வைத்துக்கொண்டு அறையைக் காலி செய்கிறாள்! தோழி ஒருத்தி திட்டுகிறாள்; படம் திட்டவில்லை.

‘ஹவுஸ்மெய்ட்’ படத்தைக் கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பார்த்துவிட்டு, அந்த வீட்டில் நீங்கள் யார் பக்கம் என்று கமெண்டில் எழுதுங்கள். நான் வேலைக்காரியின் பக்கம்.