நூறு வரை சொல்லும் பிள்ளையிடம் மூன்று கேட்டுப் பாருங்கள்

(குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நவராத்திரி சமயத்தில், அங்கன்வாடிப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் பேசியது.)

எல்லோருக்கும் வணக்கம். விஜயதசமி வருகிறது. உங்களில் பலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போவீர்கள். விரலைப் பிடித்து நெல்லில் 'அ' எழுத வைப்பீர்கள். நல்ல காரியம், போய் வாருங்கள். எழுத்துக்கு இப்படி ஒரு நாள் இருக்கிறது; எண்ணுக்குக் கிடையாது. எண்ணிக்கை தினமும் அடுப்படியிலும் திண்ணையிலும் நடக்க வேண்டிய வேலை என்பதால் நான் அதற்காக வருத்தப்படவில்லை.

கும்பகோணத்துப் பக்கம் கணக்கைப் பற்றிப் பேச வந்தால் இராமானுஜனைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அவரை இன்றைக்கு விட்டுவிடுவோம். நாம் பேசப்போவது மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி. அதை மேதையாக்கும் திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன செய்கிறோம்? "கண்ணு, மாமாவுக்கு ஒன்னு ரெண்டு சொல்லிக் காட்டு." பிள்ளையும் கையைக் கட்டிக்கொண்டு இருபது வரை மூச்சு விடாமல் சொல்லும். கைதட்டுவோம். அதே பிள்ளையின் முன்னால் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை வைத்து, "மாமாவுக்கு மூணு பழம் எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். இரண்டு கையாலும் அள்ளி நீட்டும். சிரிக்காதீர்கள், பிள்ளை மக்கு இல்லை. அதற்கு ஒன்று, இரண்டு என்பது ஒரு பாட்டு. பாட்டு வந்துவிட்டது, மூன்று இன்னும் வரவில்லை.

இப்படி "எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பார்க்கும் சோதனையை வைத்து 1990 வாக்கில் காரன் வின் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டினார். பிள்ளைக்கு முதலில் 'ஒன்று' மட்டும்தான் பிடிபடுகிறது. ஒன்று கேட்டால் சரியாக ஒன்று தரும். இரண்டு கேட்டாலும் ஐந்து கேட்டாலும் கைக்கு வந்ததைத் தரும். சில மாதம் போனால் இரண்டு பிடிபடும். அப்புறம் இன்னும் சில மாதம், மூன்று. மாதக்கணக்கு ஆகிறது என்பதைக் கவனியுங்கள். நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

மூன்று, நான்கைத் தாண்டும்போது ஒரு திருப்பம் வருகிறது. எண்ணி முடிக்கும்போது கடைசியாக எந்த எண்ணைச் சொன்னோமோ அதுதான் மொத்தம் என்பது பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. அதன் பிறகு ஐந்துக்கும் ஆறுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில் இது நடக்கும். முன்னே பின்னே ஆகும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

உங்கள் பிள்ளை அந்தத் திருப்பத்துக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? தட்டில் ஐந்து இட்லி வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும், "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். பிள்ளை மறுபடியும் "ஒன்னு, ரெண்டு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் வரவில்லை என்று பொருள். "இப்பத்தானே எண்ணினே?" என்று அதட்டாதீர்கள். "அஞ்சு இட்லி இருக்கு" என்று நீங்களே சொல்லிவிட்டு, தட்டைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். முதலில் "மூணு முறுக்கு இருக்கு" என்று மொத்தத்தைச் சொல்லி, உடனே தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டுவது இன்னும் நல்லது.

இங்கே இருக்கும் பெரியவர்களுக்குக் களத்துமேடு ஞாபகம் இருக்கும். மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு யாரும் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போகும். இப்போது கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாகத் தராசில் ஏறுகிறது, லாபம் சொல்ல ஆளில்லை. ஆனால் பாருங்கள், ஒன்றுக்குப் பதில் லாபம் என்று சொன்னதால் கணக்கு தப்பியதா? தப்பவில்லை. தினமும் அதே வரிசையில் சொன்னார்கள், ஒரு மரக்காலுக்கு ஒரு சொல் என்று சொன்னார்கள். எண்ணுவதற்கு இந்த இரண்டும்தான் அடிப்படை. பிள்ளைகள் தடுக்குவதும் இங்கேதான். ஒரே பொருளை இரண்டு தடவை தொடும், ஒன்றை விட்டுவிடும், வாய் ஓடும் வேகத்துக்கு விரல் ஓடாது. எண்ணிய பொருளை எடுத்து அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருபத்திப்பத்து" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதைத் தப்பென்று நினைக்காதீர்கள். பிள்ளை விதியைக் கண்டுபிடித்துவிட்டது, முப்பது என்று ஒன்று இருப்பதுதான் தெரியவில்லை.

இனி நம் பக்கத்துக் குறை ஒன்று. சோறு ஊட்டும்போது என்ன சொல்கிறோம்? "ஒரே ஒரு வாய், இதுதான் கடைசி." அதன் பிறகு எட்டு வாய் போகிறது. "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனால் மாலைதான் வருகிறார். இந்த ஒன்றையும் இரண்டையும் வைத்துக்கொண்டு பிள்ளை என்னதான் செய்யும்? "இன்னும் மூணு வாய்" என்று சொன்னால் மூன்றோடு நிறுத்துங்கள். சாப்பாடு கொஞ்சம் மீந்தாலும் பரவாயில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லெவின் குழுவினர் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 14 மாதத்திலிருந்து 30 மாதம் வரையான பிள்ளைகளின் வீடுகளுக்கு ஐந்து முறை போய், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் பேச்சைப் பதிவு செய்தார்கள். மொத்தம் ஏழரை மணி நேரத்தில் ஒரு வீட்டில் பெற்றோர் சொன்ன எண் சொற்கள் வெறும் 4. இன்னொரு வீட்டில் 257. எண்களை அதிகம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், நான்கு வயதை நெருங்கும்போது 'எத்தனை' என்பதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கண்ணெதிரே இருக்கும் பொருளைக் காட்டிச் சொல்வதுதான் அதிகம் உதவுகிறது என்பதும் பிறகு தெரிந்தது. எண் அட்டையும் செல்போன் ஆப்பும் வேண்டாம். "தென்னை மரத்துல நாலு கிளி", "திண்ணையில அஞ்சு செருப்பு, ஒன்னைக் காணோம்". இது போதும்.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்லாங்குழிப் பலகை பரணில் கிடந்தால் இறக்குங்கள். குழிக்கு ஒன்றாகக் கொட்டையைப் போட்டுக்கொண்டு போவதைப் போல ஒன்றுக்கு ஒன்று என்று கைக்குப் பழக்கும் விளையாட்டு வேறு எனக்குத் தெரியாது. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளுகிறீர்களே, அப்போது யாராவது எண்ணுகிறீர்களா? பார்த்ததும் தெரிகிறது. மூன்று, நான்கு வரை கண்ணே பிடித்துக்கொள்ளும், பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் வரும். முழு ஆட்டத்தை நாலு வயதுக்குச் சொல்லித்தர வேண்டாம், குழிக்கு ஒன்று போடுவதே அதற்கு ஆட்டம்தான்.

தரையில் சாக்கட்டியால் நேராகப் பத்துக் கட்டம் போட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எழுதி, காய் நகர்த்தவும் வைக்கலாம். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம், இப்படிக் கட்ட விளையாட்டு ஆடிய ஏழைப் பிள்ளைகளின் எண்ணறிவு நன்றாக உயர்ந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ஆறாம் கட்டத்தில் இருந்து இரண்டு நகர வேண்டுமென்றால் "ஒன்னு, ரெண்டு" என்று சொல்லக் கூடாது, "ஏழு, எட்டு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர வேண்டும்.

கடைசியாக, புளியங்கொட்டையும் சோழியும் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும். சின்னதுகளுக்கு எலுமிச்சம்பழம், கரண்டி, தேங்காய்த்தொட்டி கொடுங்கள். பெரிய பிள்ளை ஆடினாலும் பக்கத்தில் ஒருவர் இருங்கள். ஆடி முடித்ததும் கொட்டைகளை டப்பாவில் போடும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்து, எத்தனை போட்டது என்று கேளுங்கள். யார் வீட்டிலாவது இரண்டு பலகை இருந்தால் ஒன்றை அங்கன்வாடிக்குக் கொடுங்கள், டீச்சர் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.