டொராண்டோ குளிருக்கு முதல் சிங்கிள் ஸ்பீடு சைக்கிள்

(காட்சி: உப்பேறிய செயின், மிக அருகில்)

செயின் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிகிறதே, அது பனி இல்லை, உப்பு. டொராண்டோவில் பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்பு. அது கியர் மாற்றும் கேபிளுக்குள் இறங்கினால் துருப்பிடித்து இறுகும், கியர் விழாது. ஒரே கியர் சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. செயினைத் துடைத்து எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது.

ஒரே கியரிலும் இரண்டு வகை: சிங்கிள் ஸ்பீடா, ஃபிக்ஸட் கியரா? சிங்கிள் ஸ்பீடில் மிதிப்பதை நிறுத்தலாம், சக்கரம் தானே உருளும். ஃபிக்ஸடில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். முதல் சைக்கிள் என்றால், பின்சக்கரத்தின் நடுவில் ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப் உள்ளதாக வாங்குங்கள். ஒரு பக்கம் ஃப்ரீவீல், அதாவது மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் பல்சக்கரம்; மறுபக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரம் மாட்டும் இடம். சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் சைக்கிளே மாறிவிடும். இலையுதிர் காலத்தில் ஃப்ரீவீலில் ஆரம்பித்து, கால் பழகியதும் மாறலாம். கடுங்குளிரில் ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் கெட்டியாகி, சில சமயம் பெடல் பிடிக்காமல் வெறுமனே சுற்றும். ஃபிக்ஸடில் அது நடக்காது.

(காட்சி: முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் டயரும்)

கடையில் கண்ணைப் பறிப்பது பந்தய டிராக் ஃபிரேம்தான். குளிர்காலத்துக்கு அது வேண்டவே வேண்டாம். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரல்கூட நுழையாது, பனி அடைத்துக்கொள்ளும். 35 மில்லிமீட்டர் அகல டயரும் அதன்மேல் மட்கார்டும் போக இடம் வேண்டும். ஆணி பதித்த பனி டயர்களும் அந்த அளவில் கிடைக்கின்றன.

இன்னொன்றையும் கடையிலேயே பாருங்கள். குளிர்கால பூட்ஸோடு போய் ஏறி உட்காருங்கள். பெடலை முன்னால் கொண்டுவந்து ஹேண்டிலைத் திருப்புங்கள். பூட்ஸ் முனை முன் டயரில் இடிக்கிறதா? ஃபிக்ஸடில் காலை நிறுத்தி ஒதுக்க முடியாது. மெதுவாகத் திரும்பும்போது, அதுவும் பனியில், இடித்தால் விழுவீர்கள். மட்கார்டு போட்டால் இடைவெளி இன்னும் குறையும்.

பிரேக்கில் சமரசமே கூடாது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டம் பின்சக்கரத்துக்கு பிரேக் கேட்கிறது. ஆனால் காய்ந்த ரோட்டில் உங்களைச் சட்டென நிறுத்துவது முன் பிரேக். ஃபிக்ஸடாக ஓட்டினாலும் முன் பிரேக்கைக் கழற்றாதீர்கள். ஃப்ரீவீல் என்றால் முன்னும் பின்னும் பிரேக் கட்டாயம் வையுங்கள்.

அப்புறம் கியர். முன் பல்சக்கரத்தில் 46 பற்கள், பின்னால் 16 என்றால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய 2.9 சுற்று. கனத்த உடையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் முழங்கால் வலிக்கும். பின்னால் 18 போட்டால் 2.6 ஆகும், அது போதும்.

வாங்கும் அன்றே 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்றையும் வாங்கிப் பையில் போடுங்கள். இந்த சைக்கிள்களில் பின்சக்கரம் பெரும்பாலும் நட்டில் நிற்பது. வழியில் பஞ்சரானால் அது இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது.