இரண்டு கையும் ஸ்டியரிங் மேல்

அனைவருக்கும் வணக்கம்.

போன வருஷம் என் மகளுக்கு நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். அட்லாண்டாவில் என்னோடு வேலை பார்க்கும் கறுப்பின நண்பர் ஒருவரும் அதே மாதம் தன் மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். கண்ணாடியைப் பார், வேகமாகப் போகாதே என்பதோடு என் பாடம் முடிந்துவிட்டது. அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதி, வண்டி நின்ற பிறகு செய்யவேண்டியது. போலீஸ் நிறுத்தினால் உள்ளே விளக்கைப் போடு. இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருக்கட்டும். லைசென்ஸை எடுக்கும் முன் 'எடுக்கட்டுமா' என்று கேள். உன் மேல் தப்பே இல்லாவிட்டாலும் குரலை உயர்த்தாதே. கறுப்பினக் குடும்பங்களில் இதற்கு 'அந்தப் பேச்சு' என்றே பெயர். அவருக்கு அவர் அப்பா சொன்னாராம்.

இவ்வளவு சொல்லியும் அவருக்கு நிம்மதி இல்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டிலின் காரைப் போலீஸ் நிறுத்தியது. ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே முன்கூட்டி, மரியாதையாகச் சொன்னார். அதற்கு உரிமமும் இருந்தது. சில நொடிகளில் சுடப்பட்டார். பின் இருக்கையில் 4 வயதுக் குழந்தை. சுட்ட அதிகாரியை அடுத்த வருஷம் ஜூரி விடுவித்தது.

என் மகளிடம் நான் பேசவேண்டியிராத ஒரு பேச்சு அது. அதைத்தான் சலுகை என்கிறேன். நான் கேட்டு வாங்கியதில்லை, ஆனால் தினமும் அனுபவிக்கிறேன்.

படித்தோம், உழைத்தோம், அமெரிக்கா வந்தோம் என்று இங்கே இருக்கும் இந்தியர்களான நாம் சொல்லிக்கொள்கிறோம். சரி. ஆனால் 1946-இல் வந்த சட்டம் இந்தியர்களுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 100 பேருக்கான இடம்தான். 1965 அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டம்தான் நமக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டு மார்ச்சில், பக்கத்து அலபாமாவின் செல்மா பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்கள் மண்டை உடைய அடிபட்டார்கள். அவர்கள் எழுப்பிய அலையில்தான் நம் சட்டமும் நிறைவேறியது.

நம் வட்டத்தில் வீடு வாங்கும் பேச்சு வந்தால், 'அந்தப் பக்கம் வேண்டாம், அவங்க அதிகம்' என்று யாராவது சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். என் நண்பரின் வீடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ராத்திரி மகனின் கார் தெருமுனையில் திரும்பும் வரை, அவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.