ஆஸ்பத்திரியில் தவறு நடந்துவிட்டதா? முதலில் கேஸ் ஷீட்டைக் கேளுங்கள்

(திரையில்: கோவை அவிநாசி சாலை, காலை நேரம். பேருந்திலிருந்து ஸ்கேன் கவரோடு இறங்குகிறவர்கள்.)

வணக்கம். கோபி, சத்தி, தாராபுரம், உடுமலை என்று எந்த ஊராக இருந்தாலும், பெரிய வைத்தியம் என்றால் நம் பக்கத்து ஜனங்கள் கோயமுத்தூருக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். பெரும்பாலானவர்கள் குணமாகித்தான் திரும்புகிறார்கள். சில குடும்பங்களுக்கு மட்டும் அப்படி நடப்பதில்லை. சின்ன ஆபரேஷன் என்று உள்ளே போனவர் கண் திறக்கவே இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. அந்த நிலைமையில் நிற்கிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

சிகிச்சை பலிக்காமல் போவதெல்லாம் கவனக்குறைவு ஆகாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே படிப்பும் சராசரித் திறமையும் உள்ள இன்னொரு டாக்டர் அந்த இடத்தில் இருந்திருந்தால் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா? சட்டம் பார்ப்பது இதைத்தான். ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், அது கைகொடுக்கவில்லை என்றால் அவர் மேல் குற்றமில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் வந்து பார்க்கவில்லை, அலர்ஜி என்று சொல்லியும் அதே ஊசியைப் போட்டார்கள், வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்றால் அது வேறு கதை.

சரி, தவறு நடந்திருக்கிறது என்று நினைக்கிறீர்கள். அடுத்து என்ன? நம் ஊரில் வழக்கமாக நடப்பது, சொந்தபந்தம் திரண்டு வந்து ரிசப்ஷனில் சத்தம் போடுவது. துக்கம் புரிகிறது. ஆனால் ஒரு கண்ணாடி உடைந்தால்கூட, மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிரான 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில் உங்கள் வீட்டுப் பையன் மேல்தான் வழக்கு வரும். கேள்வி கேட்க வேண்டிய குடும்பம், ஜாமீனுக்கு அலைகிற குடும்பமாகிவிடும்.

அந்த நேரத்தில் கேட்க வேண்டியது கேஸ் ஷீட்.

(திரையில்: பழுப்பு நிற ஃபைல். பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரள்கின்றன.)

டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, கேஸ் ஷீட் வேறு. சம்மரி என்பது கடைசியில் எழுதித் தருகிற இரண்டு பக்கம். கேஸ் ஷீட்டில்தான் அட்மிஷன் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, மருந்து சார்ட், நர்ஸ் குறிப்பு, ஒப்புதல் படிவம் எல்லாம் இருக்கும். இதில் நான் முதலில் பார்க்கச் சொல்வது நர்ஸ் குறிப்பை. உதாரணத்துக்கு, அதில் 'இரவு 2.10, பி.பி. குறைகிறது, டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்ததாக எழுதியிருப்பது காலை 5.40-க்கு. அந்த மூன்றரை மணி நேரம்தான் உங்கள் வழக்கு. எத்தனை பேர் கூடிச் சத்தம் போட்டாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

ஒப்புதல் படிவத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் பதற்றத்தோடு கையெழுத்துப் போட்டிருப்போம். அதனால் எல்லா உரிமையும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குத் தந்த சம்மதம் ஆகாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஃபைலைக் கேட்டால் தருவார்களா? தர வேண்டும். உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. வாயால் கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள். தராமல் இழுத்தடித்தால் அந்த மௌனமே பின்னால் அவர்களுக்கு எதிராக நிற்கும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்.

உயிர் போயிருந்தால் இன்னொரு விஷயம் இருக்கிறது. சொல்வதற்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். "போன உசுரு திரும்பியா வரப் போகுது, உடு சாமி, உடம்பை அறுக்க வேண்டாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொழுது சாய்வதற்குள் சுடுகாட்டுக்கு எடுத்துவிடுவோம். ஆனால் சாவுக்கு என்ன காரணம் என்பதே சண்டையாக இருக்கும்போது, பிரேதப் பரிசோதனை இல்லாத வழக்கு பாதி கை இழந்த வழக்கு. சந்தேகம் இருந்தால் உடலை வாங்கும் முன்பே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள்.

இனி, எங்கே போவது?

போலீஸ் வழக்கு சுலபமில்லை. டாக்டர் மேல் குற்ற வழக்கு நடத்த மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும், அதற்கு முன் வேறொரு டாக்டரின் பாரபட்சமற்ற கருத்து வாங்க வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் டாக்டரைப் பதிவிலிருந்து நீக்கலாம், ஆனால் உங்களுக்கு நஷ்டஈடு தராது. நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் நடைமுறைக்கு ஏற்ற இடம் என்பது என் எண்ணம்.

காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான விஷயம். எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் மட்டும் இதில் வராது. அதற்கு சிவில் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று வேறு வழி. திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கோவை மில்லிலும் வேலை செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இ.எஸ்.ஐ. வைத்தியம் இலவசம் இல்லை. உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் அது. இ.எஸ்.ஐ. மருத்துவமனை மேலும் வழக்குப் போடலாம் என்று 2007-இல் தீர்ப்பு இருக்கிறது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் ஒரு பெரிய வசதி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி கோவையில் இருந்தாலும், நீங்கள் குடியிருப்பது பவானி என்றால் ஈரோட்டிலேயே வழக்குப் போடலாம். கட்டிய பில் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. பில் 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் இல்லாமலும் புகார் கொடுக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலோடு வரும் என்பதால், நான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். வசதி இல்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. எண் 15100.

(திரையில்: நாட்காட்டி. இரண்டு ஆண்டுகள் புரள்கின்றன.)

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு 2 ஆண்டு. கவுன்சிலில் புகார் நிலுவையில் இருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது என்று காத்திருந்தால் அந்த நாட்களும் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 1993-இல் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் துணி இருந்தது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 2004-இல் வழக்குப் போட்டார். இத்தனை வருடம் வலி இருந்தும் ஏன் உரிய முயற்சி எடுக்கவில்லை என்று கேட்ட உச்ச நீதிமன்றம், 2010-இல் அதைக் காலம் கடந்த வழக்கு என்று தள்ளிவிட்டது. படிக்கும்போதே மனது பதைக்கிற தீர்ப்பு. ஆபரேஷனுக்கு அப்புறம் வலி போகவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்கேன் எடுங்கள்.

ஃபைல் கைக்கு வந்ததும் அதே துறையில் உள்ள வெளியூர் டாக்டர் ஒருவரிடம் காட்டிக் கருத்து கேளுங்கள். உள்ளூரில் ஒருவருக்கு எதிராக இன்னொருவர் எழுதித் தரத் தயங்குவார். நிபுணர் கருத்து எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை. மலேரியாவுக்கு டைஃபாய்டு வைத்தியம் பார்த்த ஐதராபாத் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றமே இப்படிச் சொன்னது. இருந்தாலும், கிடைத்தால் அது உங்கள் கையைப் பலப்படுத்தும்.

எவ்வளவு நாள் ஆகும்? சட்டப் புத்தகத்தில் 3 மாதம் என்று இருக்கிறது. நடைமுறையில் வருடக்கணக்கு. தமிழ்நாட்டில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்லாமல் விட்டதால் பார்வை போனது. உச்ச நீதிமன்றம் சுமார் 1.80 கோடி ரூபாய் தரச் சொன்னது 2015-இல். அந்தக் குழந்தை அதற்குள் பெரியவளாகிவிட்டாள். அவள் அப்பா அத்தனை வருடமும் வழக்கை விடவில்லை.

மாவட்ட ஆணையத்தில் நீங்கள் ஜெயித்தால், எதிர்த்தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டினால்தான் அது எடுத்துக்கொள்ளப்படும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.